கைமாறிய கத்தி

ஹிட் பாட்டுக்கு 1978-ல் நியூயார்க்கில் ஒரு கைப்பக்குவம் இருந்தது. மூன்று நிமிடம். ஒரு பெண். அவள் போய்விட்டாள், இல்லாவிட்டால் வரப்போகிறாள். ஆட வருகிறாயா என்று நாலு தரம் கேட்க வேண்டும். நடுவில் டிரம்பெட் ஊத வேண்டும். அதற்கு மேல் யோசிக்கிற ஆளாக இருந்தால் கவிதை எழுதப் போகலாம், ரெக்கார்டு கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது.

அப்பேர்ப்பட்ட ஊரில் ரூபன் பிளேட்ஸ் என்ற முப்பது வயதுப் பனாமாக்காரர் கொண்டுவந்து இறக்கிய சரக்கைப் பாருங்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். காதல் கிடையாது. கதாநாயகன் பேட்டை ரவுடி. கதாநாயகி தெருவோரம் நின்று தொழில் பார்ப்பவள். பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் அவன் அவளைக் குத்துகிறான், அவள் அவனைச் சுடுகிறாள், இரண்டு பேரும் காலி. மிச்சமிருப்பவன் ஒரு குடிகாரன். அவன் இரண்டு பிணத்தையும் துழாவி, கத்தி, துப்பாக்கி, கொஞ்சம் சில்லறை எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு சுதி சேராமல் பாடியபடி நடையைக் கட்டுகிறான். போதாக்குறைக்கு நடுவில் காஃப்கா வேறு எட்டிப் பார்க்கிறார். இதற்கு ஆட வேண்டுமாம்.

ஆடினார்கள். நியூயார்க், சான் ஹுவான், கராக்கஸ், பனாமா என்று எல்லா ஊரிலும் ஆடினார்கள். பாட்டின் பெயர் ‘பெட்ரோ நவாஹா’. நவாஹா என்றால் மடக்குக் கத்தி, ஆகவே ஆளை ‘கத்தி’ பெட்ரோ என்று வைத்துக்கொள்ளலாம். அது இடம்பெற்ற ‘சியெம்ப்ரா’ என்ற இசைத்தட்டு சால்சா உலகத்திலேயே அதிகம் விற்ற தட்டு என்று நெடுங்காலம் பேரோடு இருந்தது.

இந்தப் பெட்ரோவுக்குப் பூர்வீகம் எது என்று கிளறினால் வம்சாவளி இருநூற்றைம்பது வருஷம் பின்னால் போகிறது. அந்த வம்சத்தில் நேர்வழியில் சம்பாதித்தவன் ஒருத்தனும் இல்லை. எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூலபுருஷர் ஜான் கே. லண்டன் கவிஞர். இருந்த காசையெல்லாம் தென்கடல் கம்பெனியின் பங்குகளில் போட்டு 1720-ல் பறிகொடுத்தவர். அரண்மனையில் நல்ல உத்தியோகம் கிடைக்கும் என்று வருஷக்கணக்கில் பெரிய மனிதர்களுக்குச் சலாம் போட்டுக் காத்திருந்தார். 1727-ல் கிடைத்தது. இரண்டு வயது இளவரசிக்கு உபசாரகர் வேலை. நாற்பதைத் தாண்டிய மனிதருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டு, ‘பிச்சைக்காரர்களின் ஆப்பரா’ என்ற நாடகத்தை மேடையேற்றினார். அரங்கேறிய தேதி 1728 ஜனவரி 29.

அந்தக் காலத்தில் லண்டன் சீமான்கள் இத்தாலிய ஆப்பரா கேட்டுக் கண்ணீர் விடுவது வழக்கம். பாஷை புரியாததால் கண்ணீருக்குத் தடையில்லை. கே என்ன செய்தார்? அதே ஆப்பராவில் ராஜாக்களை இறக்கிவிட்டு, வழிப்பறிக்காரர்கள், திருட்டுப்பொருள் வாங்கி விற்பவர்கள், சிறைக்காவலர்கள், விலைமாதர்கள் எல்லாரையும் ஏற்றிவிட்டார். திருடர்களும் பிரதம மந்திரியும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள் என்று ஜாடையாகச் சொன்னார். ஜாடை எல்லாருக்கும் புரிந்தது. பிரதம மந்திரி வால்போலுக்கும் புரிந்தது. மெட்டுக்கு கே யாரிடமும் போகவில்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்த மெட்டுகளையே எடுத்துக்கொண்டார், கிட்டத்தட்ட எழுபது. ஹாண்டலின் ஆப்பராவில் வரும் ஒரு கம்பீரமான அணிவகுப்பு மெட்டை லவட்டி, வழிப்பறிக்குக் கிளம்பும் கும்பலுக்குக் கொடுத்தார். முதல் சீசனிலேயே 62 காட்சி. அதுவரை லண்டனில் எந்த நாடகமும் அப்படி ஓடியதில்லை.

நாயகன் மக்ஹீத், வழிப்பறிக் கும்பலின் தலைவன். கடைசியில் தூக்கு. கயிறு தயாராக இருக்கும்போது ஒரு நடிகர் வந்து, ஆப்பரா என்றால் சுபமாக முடிய வேண்டாமா, ஜனங்கள் ஏமாந்து போவார்களே என்கிறார். சரி, விடுதலை! சட்டப்படி சாக வேண்டியவனை டிக்கெட் வாங்கியவர்களுக்காக உயிரோடு விட்டார்கள். அன்றைக்குத் தப்பியவன் இன்றுவரை சாகவில்லை. கே எழுதிய இரண்டாம் பாகத்தை அரசாங்கம் மேடையேற விடாமல் தடுத்தது. தடையே விளம்பரமாகி, அச்சில் வந்தபோது பிய்த்துக்கொண்டு போயிற்று. தடைபோடுகிறவர்கள் எந்த நூற்றாண்டிலும் இதைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரியாக இருநூறு வருஷம் கழித்து, பெர்லின். ஆஃப்ரிக்ட் என்ற இளம் தயாரிப்பாளர் ஒரு தியேட்டரை வாடகைக்குப் பிடித்துவிட்டார். போடுவதற்கு நாடகம் இல்லை. அப்பன் பணம் கொடுத்தால் வேலை இந்த வரிசையில்தான் நடக்கும். நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டைப் பிடித்துக் கேட்டார். பிரெக்டிடம் எலிசபெத் ஹாப்ட்மன் என்ற பெண் வேலை பார்த்தார், இங்கிலீஷ் தெரிந்தவர். லண்டனில் ஜான் கேயின் நாடகத்தைத் தூசி தட்டிப் போட்டு சக்கைப்போடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதை வரவழைத்து உட்கார்ந்து ஜெர்மனில் பெயர்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பிரெக்ட் அதை வாங்கிப் பிரித்து மேய்ந்தார், குர்ட் வைல் இசை போட்டார், ‘மூன்று காசு ஆப்பரா’ பிறந்தது. வருமானப் பங்கீட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிரெக்டுக்கு 62.5 சதவீதம், வைலுக்கு 25, ஹாப்ட்மனுக்கு 12.5. முதலாளித்துவத்தின் சுரண்டலைக் கிழித்துத் தொங்கவிடும் நாடகம் அது.

ஒத்திகை என்றால் அப்படி ஓர் ஒத்திகை. ஒரு நடிகையின் கணவர் இறந்துபோனார். இன்னொரு நடிகைக்குக் குடல்வால் அழற்சி. நாயகனாக நடித்த ஹரால்ட் பால்சனுக்கு வேறொரு வியாதி, அழகன் என்ற நினைப்பு. கழுத்தில் நீலநிறப் பட்டு ‘போ’ கட்டிக்கொண்டுதான் மேடைக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொலைகாரன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தால் எப்படி? பிரெக்ட் கெட்டிக்காரர். டையை விட்டுவிட்டார். அதற்குப் பதில், இவன் மேடையேறும் முன்பே இவன் செய்த கொலை, கொள்ளை எல்லாவற்றையும் ஜனங்களுக்குச் சொல்லிவிடும்படி ஒரு பாட்டை எழுதினார். வைல் ராவோடு ராவாக மெட்டுப் போட்டார். ஒரு டைக்காகப் பிறந்த பாட்டு.

அந்தப் பாட்டின் ஜாதி நமக்குப் புதிதல்ல. ஊரில் ஒரு கொலை விழுந்தால், ரத்தம் காய்வதற்குள் கொலைச்சிந்து அச்சடித்து, சந்தையில் பாடிக்காட்டி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றார்களே, அதன் ஜெர்மன் பங்காளி. அங்கே திருவிழாவில் படம் வரைந்த தட்டியைத் தூக்கி நிறுத்தி, குச்சியால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்காட்டி, கைசுழற்றிப் பெட்டியில் இசை ஓடவிட்டுப் பாடுவார்கள். நாடகத்திலும் அப்படியே பெட்டி வைத்தார்கள். 1928 ஆகஸ்ட் 31, முதல் காட்சி. குர்ட் கெரோன் பாட ஆரம்பிக்கிறார், பெட்டி மௌனவிரதம். முதல் சரணம் முழுக்க அவர் தனியாகத் திண்டாட, இரண்டாவதில் ஆர்கெஸ்ட்ரா ஓடிவந்து கைகொடுத்தது. இதெல்லாம் உருப்படாது என்று நம்பி வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கால்தட்ட ஆரம்பித்தார்கள்.

மறுவருஷமே ஆல்ஃபிரெட் கெர் என்ற விமர்சகர், இதில் சில பாட்டுகள் பிரெஞ்சுக் கவிஞர் வியோனின் கவிதைகளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலிருந்து அடித்தவை என்று பிடித்துவிட்டார். பிரெக்ட் மறுக்கவில்லை. பிறர் அறிவுச்சொத்து விஷயத்தில் நான் கொள்கையாகவே கொஞ்சம் தாராளம் என்கிற தோரணையில் பதில் சொன்னார். இப்படி ஒரு வாக்கியத்தை நம் சினிமா இசையமைப்பாளர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது வருத்தம். பாதிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அதை வைத்து அவர் திராட்சைத் தோட்டம் வாங்கி, அதில் எடுத்த மதுவுக்கு நாடகத்தின் பேரையே வைத்தார் என்பார்கள். திருட்டு கொடுத்ததில் லாபம் பார்த்த ஒரே மனிதர்.

அப்புறம் அந்தக் கொலைப்பாட்டு கப்பலேறியது. அமெரிக்காவில் மார்க் பிளிட்ஸ்டைன் அதை ‘மாக் த நைஃப்’ என்று இங்கிலீஷில் எழுதியபோது, மூலத்தில் இருந்த மிகக் கொடூரமான சரணங்களைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார். லூயி ஆம்ஸ்ட்ராங் 1955-ல் பாடினார். மறைந்த குர்ட் வைலின் மனைவி லோட்டே லென்யா ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். மரியாதைக்காக அவர் பேரையும் பாட்டுக்குள் சேர்த்தார் ஆம்ஸ்ட்ராங், கொலைகாரனின் பெண்கள் பட்டியலில். 1959-ல் பாபி டேரின் பாடியது ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் அது சர்க்கரைப் பாகு. கொலைப்பட்டியலை ஒரு மனிதர் விரலைச் சொடுக்கிக்கொண்டு, பற்பசை விளம்பரச் சிரிப்போடு படிக்கிறார், ஜனம் கூடவே சொடுக்குகிறது. அந்தச் சமயம் நியூயார்க்கில் விடலைப் பையன்களின் கத்திக்குத்துச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. வானொலி நிலையம் ஒன்று பயந்துபோய் இந்தப் பாட்டைப் போடுவதையே நிறுத்தியது. மறுவருஷம் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பெர்லினிலேயே மேடையில் இதைப் பாடும்போது வரிகள் மறந்துபோய், வாய்க்கு வந்ததைப் பாடி ஒப்பேற்றினார். அதற்கு கிராமி கொடுத்தார்கள். மக்ஹீத் குடும்பத்தில் யார் என்ன தப்புச் செய்தாலும் பரிசுதான்.

இனி நம் பனாமாக்காரர்.

ரூபன் பிளேட்ஸ் பிறந்தது 1948. அம்மா கியூபாக்காரர், பாடுவார், பியானோ வாசிப்பார், வானொலி நாடகத்தில் நடிப்பார். அப்பா பொங்கோ வாசிப்பார், போலீஸில் துப்பறிவாளராகவும் இருந்தார். ஒரு பக்கம் நாடகம், ஒரு பக்கம் கொலைக்கேஸ் என்று வீட்டிலேயே கச்சாப்பொருள் கிடைத்துவிட்டது. 1970-ல் நியூயார்க் வந்து ஒரு தட்டு பாடினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி ஒழுங்காகச் சட்டப்படிப்பை முடித்தார். 1974-ல் மறுபடி நியூயார்க். இந்தத் தடவை ஃபானியா ரெக்கார்ட்ஸில் வேலை கிடைத்தது. பாடகராக என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். தபால் பிரிக்கிற அறையில். வக்கீல் பட்டம் வாங்கியவர் கடிதக் கட்டுகளை மேஜை மேஜையாகக் கொண்டுபோய்ப் போட்டார்.

ஃபானியாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதை 1964-ல் தொடங்கியவர்கள் இருவர். ஜானி பசேக்கோ, டொமினிகன் இசைக்கலைஞர். ஜெர்ரி மசூச்சி, இத்தாலிய வம்சாவளி வக்கீல், அதற்கு முன்னால் போலீஸ்காரர். பசேக்கோவின் விவாகரத்து வழக்கை நடத்த வந்தவர், கேஸ் முடிந்தபின் கூட்டாளியாகிவிட்டார். ஒரு கல்யாணம் முறிந்ததில் கம்பெனி உதயமாயிற்று. ஆரம்பத்தில் தட்டுகளைக் கார் டிக்கியில் போட்டு ஹார்லெம் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். ஏழெட்டு வருஷத்தில் நியூயார்க்கின் லத்தீன் பாடகர்கள் அத்தனை பேரும் அவர்கள் பையில். 1973-ல் யாங்கி ஸ்டேடியத்தில் கச்சேரி வைத்தபோது ரசிகர்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்து, நிகழ்ச்சி பாதியில் நின்றது. கியூபா, போர்ட்டோ ரிக்கோ, நியூயார்க் எல்லாம் கலந்து கொதித்த அந்தக் குழம்புக்கு சால்சா என்று லேபிள் ஒட்டி உலகம் முழுக்க விற்றவர்களில் முக்கியமானவர்கள் இவர்கள்தான்.

அந்தக் கம்பெனியின் செல்லப்பிள்ளை வில்லி கோலோன். பிராங்க்ஸ் பையன், டிராம்போன் வாசிப்பவர். பதினேழு வயதில் போட்ட முதல் தட்டுக்கே ‘கெட்டவன்’ என்று பேர். அதிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் ரவுடி வேஷம். 1970-ல் வந்த அட்டை அப்படியே எஃப்.பி.ஐ. ஒட்டும் ‘தேடப்படும் குற்றவாளி’ நோட்டீஸ், கையில் ஆயுதம் டிராம்போன் என்ற எச்சரிக்கையோடு. இவரோடு பாடிக்கொண்டிருந்த ஹெக்டர் லவோ உண்மையிலேயே மகா கலைஞர். கச்சேரிக்கு நேரத்துக்கு வருவார் என்று மட்டும் யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். இருவரும் பிரிந்தார்கள். கோலோனுக்குக் குரல் வேண்டும், தபால் அறைக்காரருக்கு மேடை வேண்டும். அட்டையில் மட்டும் ரவுடியாக இருந்தவரும் ரவுடிகளைப் பாட்டில் எழுதத் தெரிந்தவரும் ஜோடி சேர்ந்தார்கள். 1977-ல் முதல் தட்டு. மறுவருஷம் ‘சியெம்ப்ரா’.

காலம் எப்படிப்பட்ட காலம் என்றால், ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ வந்து ஊரே வெள்ளை சூட் போட்டு ஒரு விரலை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சால்சாக்காரர்கள் பலர் தாங்களும் டிஸ்கோ பக்கம் சாயலாமா என்று யோசித்தார்கள். ‘சியெம்ப்ரா’ தட்டை ஓடவிட்டால் முதலில் வருவதும் டிஸ்கோதான், அசல் பளபள டிஸ்கோ. சரி, இவர்களும் விழுந்துவிட்டார்கள் என்று நினைக்கும் நேரத்தில் அதைக் குப்புறத் தள்ளிவிட்டு சால்சா எழுந்து நிற்கிறது. பாட்டின் பேரே ‘பிளாஸ்டிக்’. கடைசியில் லத்தீன் அமெரிக்க நாடுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழைத்து வருகைப்பதிவு எடுக்கிறார்கள்.

பெட்ரோ அந்தத் தட்டில்தான் நடந்து வருகிறான். ‘மாக் த நைஃப்’ கேட்டுத்தான் தனக்குப் பொறி தட்டியது என்பதை பிளேட்ஸ் ஒருநாளும் மறைத்ததில்லை. பெர்லின் கொலைகாரனை நியூயார்க் கீழ்மன்ஹாட்டன் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தினார், அவ்வளவுதான். ஆனால் நிறுத்திய விதம் இருக்கிறதே!

ஆரம்பத்தில் கொங்காவும் குரலும்தான், வேறு பெரிசாக ஒன்றும் கிடையாது. ஆள் நடந்து வருகிறான், கை கோட்டுப் பையில், கத்தி எந்தக் கையில் என்று தெரியக் கூடாது. அகலமான தொப்பியைச் சாய்த்து வைத்திருக்கிறான். கறுப்புக் கண்ணாடி, யாரைப் பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாமலிருக்க. காலில் ஓடுவதற்குத் தோதான ஷூ, தொழில்தர்மம். சிரித்தால் ஒரு தங்கப் பல் தெரு முழுக்க மின்னுகிறது. மூணு சந்து தள்ளி அந்தப் பெண் நடைபாதையில் ஐந்தாவது தடவையாக முன்னும் பின்னும் நடக்கிறாள். இன்றைக்குப் போணியே ஆகவில்லை. அலுத்துப்போய் ஒரு வாய் குடிக்க ஒரு வாசலுக்குள் ஒதுங்குகிறாள். ஒரு கார் மெதுவாக ஊர்கிறது. அதன் மேல் எந்த அடையாளமும் எழுதவில்லை, ஆனாலும் பேட்டையில் எல்லாருக்கும் தெரியும் அது போலீஸ் என்று. ஒரு சரணத்துக்கு ஒரு வாத்தியம் என்று கூடிக்கொண்டே வருகிறது. சந்திலிருந்து கதவு கதவாக ஆட்கள் வந்து சேர்வது மாதிரி டிராம்போன்கள் வந்து நிற்கின்றன. இந்தக் கட்டுமானத்தைச் செய்தவர் லூயிஸ் ‘பெரிக்கோ’ ஓர்டிஸ். சினிமாவில் கேமரா செய்ய வேண்டிய வேலையை அவர் பித்தளையை வைத்துச் செய்துவிட்டார்.

தெருவில் ஆளில்லை. அவள் பழைய கோட்டுக்குள் கைவிட்டு, இடைஞ்சலாக இருக்கிறதென்று ரிவால்வரை எடுத்துக் கைப்பைக்கு மாற்றப் போகிறாள். ஸ்மித் அண்ட் வெஸன், பாயின்ட் 38. அந்த நொடி பெட்ரோ பாய்கிறான், சிரித்துக்கொண்டே குத்துகிறான். வெடிச்சத்தம் பீரங்கி மாதிரி கேட்கிறது. குத்துப்பட்ட அவள், விழுந்து கிடக்கும் அவனிடம், இன்றைக்கு எனக்கு நாள் சரியில்லை என்று நினைத்தேன், உன் கதை அதைவிட மோசம் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாகிறாள்.

ஜான் கேயிடமிருந்து பாபி டேரின் வரை, இருநூற்றுமுப்பது வருஷமாக அந்தக் குடும்பத்துக் கத்திக்குப் பெண்கள் பயந்தார்கள், மயங்கினார்கள், காட்டிக்கொடுத்தார்கள், கடைசியில் பட்டியலில் பேராக நின்றார்கள். ஒருத்தியாவது திருப்பிச் சுட வேண்டும் என்று பிரெக்டுக்கே தோன்றவில்லை. பிளேட்ஸ் அவள் கையில் துப்பாக்கி கொடுத்தார். லவட்டியதற்கு அவர் கட்டிய வட்டி என்று இதைச் சொல்லலாம்.

வெடிச்சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்க்கவில்லை, கேள்வி இல்லை, அழுகை இல்லை. குடிகாரன் மட்டும் இடறி விழுந்து, சுருட்ட வேண்டியதைச் சுருட்டிக்கொண்டு பாடுகிறான். அவன் பாடுவதுதான் பாட்டின் பல்லவி! ஊரே பிற்பாடு தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய அந்தப் பல்லவியை ஒரு பிணக்கொள்ளைக்காரன் வாயில் கொடுத்து அறிமுகம் செய்கிறார் மனிதர். அங்கிருந்து மொந்துனோ. சால்சாவில் கோரஸ் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, பாடகர் இடையிடையே புகுந்து விளையாடும் பகுதி அது. கொலை முடிந்தது, இனி ஆடலாம். முடிவில் நியூயார்க் சைரன். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் அமெரிக்காவைப் புகழும் அந்தப் பாட்டின் ஒரு கீற்று, நக்கலாக. கடைசியாக வானொலிச் செய்தி: கீழ்மன்ஹாட்டனில் இரண்டு சடலங்கள், பெட்ரோ பாரியோஸ், ஹொசெஃபினா வில்சன். அதுவரை பேரில்லாமல் நடந்தவளுக்குச் செத்தபிறகு செய்தியில்தான் பேர் வருகிறது.

இது தேறாது, கோலோனின் பிழைப்பும் சேர்ந்து போகும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொன்னதாக பிளேட்ஸ் பிற்பாடு பேட்டிகளில் சிரித்தபடி நினைவுகூர்வது உண்டு. தொழில் தெரிந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏழு நிமிடத்தில் வானொலிக்காரன் இரண்டு பாட்டும் ஒரு சோப்பு விளம்பரமும் போட்டுவிடுவான். பாட்டைப் பாதியில் வெட்டலாம் என்றால் எங்கே வெட்டுவது? குத்துக்கு முன்னாலா, குத்துக்கு அப்புறமா? முடிவைக் கழற்றிய துப்பறியும் நாவலை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? ஆகவே வேறு வழியில்லாமல் முழுசாகப் போட்டார்கள். அதில்தான் சிக்கினார்கள். ஒரு தடவை கேட்டவன், அடுத்த தடவை கேட்காத ஒருத்தனைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, கொலை வரும் இடத்தில் அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டான். விளம்பரச் செலவில்லாமல் விற்கிற சரக்கு அது. கதை கேட்க முதல் பாதி, ஆட்டத்துக்கு இரண்டாம் பாதி என்று ஒரே டிக்கெட்டில் இரண்டு.

பாட்டு ஓடினால் பங்காளிகள் முளைப்பார்கள். 1980-ல் போர்ட்டோ ரிக்கோவில் பாப்லோ கப்ரேரா, பெட்ரோ நவாஹாவின் உண்மைக் கதை என்ற தலைப்பில் இசைநாடகம் போட்டார். எதை அடிப்படையாக வைத்து? பிளேட்ஸின் பாட்டையும் ‘மூன்று காசு ஆப்பரா’வையும். நாடகத்திலிருந்து திருடி வந்த பாட்டு, கை கால் கழுவிக்கொண்டு நாடகத்துக்கே திரும்பிப் போய்விட்டது. 1984-ல் மெக்சிகோக்காரர்கள் படமே எடுத்தார்கள். ஆந்த்ரேஸ் கார்சியா கட்டுமஸ்தான பெட்ரோ. பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பெட்ரோ பேசுவதே கிடையாது, அதற்குள் செத்தும் போய்விடுகிறான். ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன செய்வது? அடிதடி, காபரே, காதல். செத்தவனுக்கு மகன் இல்லாமலா போவான் என்று 1986-ல் ‘பெட்ரோ நவாஹாவின் மகன்’ என்றும் ஒரு படம்.

பிளேட்ஸுக்கு வந்ததே கோபம். என் ரவுடியை வைத்து எவனோ சம்பாதிப்பதா? (பிரெக்ட் கேட்டிருந்தால் கொள்கை விளக்கம் கொடுத்திருப்பார்.) 1985-ல் ‘எஸ்சேனாஸ்’ தட்டில் பெட்ரோவின் கதையைத் தானே தொடர்ந்து எழுதினார். சுருட்டிக்கொண்டு போன குடிகாரனை வழியில் இன்னொரு திருடன் மறிக்கிறான். அங்கே இரண்டு பிணம் கிடக்கிறது என்று குடிகாரன் உளற, மிச்சத்தை அள்ளலாம் என்று திருடன் ஓடுகிறான். குனிந்து பார்த்தால் தங்கப் பல் தெரிகிறது. பெட்ரோ சாகவில்லை! இன்னொரு கத்தி இருந்திருக்கிறது. ஜான் கேயின் நடிகர் சொன்ன அதே நியாயந்தான், ஜனங்கள் ஏமாறக் கூடாது. அந்தத் தட்டுக்கு கிராமி கிடைத்தது. இதையெல்லாம் செய்துகொண்டே மனிதர் அதே 1985-ல் ஹார்வர்டில் சட்ட மேற்படிப்பை முடித்தார். ரவுடியை உயிர்ப்பித்த கையோடு முதுகலைப் பட்டம். ஃபானியாவோடு ராயல்டி தகராறு முற்றியிருந்த நேரத்தில் அந்தப் பட்டம் வீண்செலவு என்று சொல்வதற்கில்லை. நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ், பெட்ரோ நவாஹாவை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கினார் என்றொரு பேச்சு லத்தீன் அமெரிக்காவில் உலவுகிறது. அவர் கதைகளை வைத்து பிளேட்ஸ் 1987-ல் ஒரு தட்டே போட்டார், ‘ஆகுவா தெ லூனா’. அது பெட்ரோ மாதிரி விற்கவில்லை. நோபல் பரிசுக்காரரைவிடக் கத்திக்காரனுக்குத்தான் கிராக்கி.

1994-ல் பிளேட்ஸ் பனாமாவின் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். சொந்தக் கட்சி. ஏறக்குறைய 17 சதவீத ஓட்டு, மூன்றாவது இடம். 1998-ல் பிராட்வேயில் பால் சைமனின் ‘தி கேப்மேன்’ இசைநாடகத்தில் நடித்தார். அவர் ஏற்ற வேடம் சால்வடோர் அக்ரோன், 1959-ல் நியூயார்க் விளையாட்டு மைதானம் ஒன்றில் இரண்டு பையன்களைக் குத்திக் கொன்ற பதினாறு வயது போர்ட்டோ ரிக்கப் பையன், வயதானபிறகு. டேரினின் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடிய அதே 1959, அதே நகரம், நிஜக் கத்தி. நிஜக் கதைக்கு ஜனம் வரவில்லை. 68 காட்சியோடு மூடிவிட்டார்கள்.

2003-ல் ‘சியெம்ப்ரா’வுக்கு இருபத்தைந்து வயது என்று சான் ஹுவானில் கோலோனும் பிளேட்ஸும் மறுபடி ஒரே மேடையில் ஏறினார்கள். கூட்டம் அலைமோதியது. அடுத்த வருஷம் பிளேட்ஸ் பனாமாவின் சுற்றுலாத் துறை மந்திரியானார். வருகிறவர்களிடம் எங்கள் நாட்டுத் தெருக்கள் பத்திரமானவை என்று சொல்ல வேண்டிய உத்தியோகம், அதற்கு பெட்ரோவைப் படைத்தவர். 2007-ல், மந்திரியாக இருக்கும்போதே, அந்தக் கச்சேரிக்கான என் பணம் முழுசாக வரவில்லை என்று கோலோன் அவர் மேல் வழக்குப் போட்டார். பணம் நடுவில் இருந்த ஏஜென்டுகளிடம் நின்றுவிட்டது, என்னைக் கேட்டால் எப்படி என்பது பிளேட்ஸ் தரப்பு. வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கோலோன் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார், மேடையில் சேர்ந்து ஏறுவது மட்டும் நின்றுபோயிற்று.